உள்ளேயிருந்து அடித்த ஆணி

மத்தியானம் ரெண்டரை மணி.

சிரிக்காதீங்க. பேய்னா ராத்திரி பன்னெண்டு மணி ஷிஃப்டுக்குத்தான் வரணும்னு யாராவது ஆர்டர் போட்டிருக்காங்களா என்ன? ரெண்டரை மணின்னா ரெண்டரை மணிதான். சுள்ளுனு வெயில். ஒரு மண் ரோடு. ரெண்டு பக்கமும் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஆள் கிடையாது. காக்கா கூட கிடையாது. அந்த ரோட்டுல ஒரு பழைய டூவீலர் போகுது. ஓட்டுறவர் ஒருத்தர், பின்னாடி கடப்பாரையைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு இன்னொருத்தர்.

ஏய், அந்தப் போர்வையை நீ ஒருத்தியே சுருட்டிக்கிட்டா நாங்க என்ன பண்றது? இந்தப் பக்கம் விடு. லைட்டை அணைக்க வேண்டாம், எரியட்டும். கதையை முடிச்சதும் எப்படியும் நீங்களே போடத்தான் போறீங்க.

இது என் பழைய ரூம்மேட் சொன்னது. அவளோட சித்தப்பாவுக்கு நடந்தது. வண்டி ஓட்டிக்கிட்டுப் போறாரே, அவர்தான். அவ அம்மாவோட தங்கச்சி வீட்டுக்காரர். முப்பத்தோரு வருஷம் பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். எப்படிப்பட்ட டிரைவர் தெரியுமா? ஓடி வர்ற ஆளைக் கண்ணாடில பாப்பாராம். நல்லாப் பாப்பாராம். பாத்துக்கிட்டே வண்டியை எடுப்பாராம். "ஒருத்தனுக்கு நிறுத்தினா ஊருக்கே நிறுத்தணும்"னு சொல்வாராம். வீட்டுலயும் அப்படித்தான்.

பின்னாடி உக்காந்திருக்கிறவர் அவரோட மச்சினன், சித்தியோட தம்பி. தச்சு வேலை. அவருக்கு வீட்டுல எல்லாரும் வச்ச பேரு 'முக்கால்'. எதை அளந்தாலும் முக்கால் இன்ச் கூட, முக்கால் இன்ச் கம்மின்னே சொல்வாராம். "சாதம் போதுமா?"ன்னு கேட்டா, "முக்கால் கரண்டி வை"ன்னு சொல்ற ஆளு. இந்தக் கதைல பாதி அவர் கண்ணால பாத்தது. அதனாலதான் நான் நம்பறேன். அவர் பயப்படற ஜாதி இல்ல. பேசற ஜாதி.

விஷயம் என்னன்னா, சித்தப்பாவுக்கு அவங்கப்பா வழில வந்த நிலம் ஒண்ணு இருந்துச்சு. டவுன்லேருந்து அரை மணி நேரம். வீடு கிடையாது. ஒரு கிணறு, ஒரு மோட்டார், சுத்தி வெட்ட வெளி. மண்வெட்டி, ஹோஸ் பைப், மருந்தடிக்கிற மெஷின், எதை வச்சாலும் மறுநாள் காணாம போயிடும். தினமும் தூக்கிட்டு வந்து தூக்கிட்டுப் போக முடியுமா? அதான் ஒரு ஷெட் போடலாம்னு. பெருசா ஒண்ணும் இல்ல. பத்தடிக்கு எட்டடி. பட்டை உரிக்காத மரக் கம்பம், இழைக்காத பலகை, மேல தகரம், ஒரு கதவு. மூணு நாள் வேலைன்னு முக்கால் சொன்னாரு.

முதல் நாள் பலகை கொண்டு வர்ற வேன் லேட். அதான் அந்த ரெண்டரை மணி. போய் இறங்கினாங்க. கயிறு கட்டி அளந்தாங்க. குழி தோண்டினாங்க. கம்பத்தை நட்டு, கல்லைப் போட்டு இறுக்கினாங்க. நாலாவது கம்பம் நடும்போது... ஒரு வாசனை.

தைலம். தைலமும், நனைஞ்ச கம்பளியும்.

அந்த வெயில்ல எங்கேருந்து நனைஞ்ச கம்பளி?

முக்கால் கேட்டாரு. "மாமா, தைலம் தடவியிருக்கீங்களா?"

"எனக்கென்ன தலைவலியா?"

"எங்கக்காவைக் கட்டின நாள்லேருந்து இருக்குமேன்னு கேட்டேன்."

சித்தப்பா சிரிக்கலை. நிமிர்ந்து ஒரு தடவை சுத்திப் பாத்தாராம். கிணத்துப் பக்கம் பாத்துட்டு, சட்டுனு முகத்தைத் திருப்பிக்கிட்டாராம். "வாயை மூடிட்டு வேலையைப் பாரு"ன்னாரு. அவ்வளவுதான் முதல் நாள்.

ரெண்டாவது நாள். காலைல பின் சுவரை அடிச்சாங்க. பலகை மேல பலகை வச்சு, ஆணி அடிச்சு, வரிசையா. மத்தியானம் ஆனா, ஆணி டப்பா காலி. முக்கால் சத்தியம் பண்றாரு... காலைல ரெண்டு டப்பா முழுசா கொண்டு வந்தாராம். ஒண்ணுதான் திறந்தாராம். இன்னொண்ணு திறந்து கிடக்கு, உள்ள ஒரு ஆணி இல்ல. சரி, கணக்குத் தப்பியிருக்கும்னு ரெண்டு பேரும் வண்டியை எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போனாங்க. ஆணி வாங்கிட்டு, சாப்பிட்டுட்டுத் திரும்பினாங்க.

அதே மண் ரோடு. அதே ரெண்டரை மணி.

தூரத்துலேருந்தே முக்கால் பாத்துட்டாரு. இடது பக்கச் சுவர் நிக்குது.

கீழேருந்து மேல வரைக்கும். முழுசா.

"மாமா, ஆள் வச்சீங்களா?"

"நான் எங்க வச்சேன்? நீ யாரையாவது வரச் சொன்னியா?"

"நான் ஏன் சொல்றேன்? என் பொழைப்பை நானே கெடுத்துப்பேனா?"

இறங்கிப் போய்ப் பாத்தாங்க. அருமையான வேலையாம். ரசமட்டம் வச்சுப் பாத்தா, நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. முக்கால், "முக்கால் இன்ச் கூட தப்பலையே! யாரோ மகராசன், ஒரு டீ கூட கேக்காம செஞ்சுட்டுப் போயிருக்கான்"னு சொல்லிக்கிட்டே பலகையைத் தடவினாரு. தடவின கை நின்னுடுச்சு.

ஆணித் தலை ஒண்ணு கூட தட்டுப்படலை.

கவனிங்க. ஷெட்டுக்குப் பலகை எப்படி அடிப்பாங்க? கம்பத்துக்கு வெளிப் பக்கம் பலகையை வச்சு, வெளியிலேருந்து ஆணி அடிப்பாங்க. ஆணித் தலை வெளில தெரியும். இங்க கம்பம் வெளில நிக்குது, பலகை உள் பக்கம் இருக்கு. முக்கால் சுத்திக்கிட்டு உள்ள போனாரு. உள்ள... வரிசையா, பளபளன்னு, அத்தனை ஆணித் தலையும் அந்தப் பக்கம். உள்ள நின்னு அடிச்சிருக்கான், அடிச்சவன்.

"எவனாவது உள்ள நின்னுக்கிட்டு தன்னைச் சுத்தித் தானே அடைச்சுப்பானா?"ன்னு முக்கால் கேட்டாரு. அப்புறம் குனிஞ்சு பாத்தாரு. சுத்தியல் சறுக்கினா பலகைல ஒரு வடு விழும் இல்லையா? அந்த வடு எல்லாம் தப்புப் பக்கமா இருக்கு. "மாமா, இது இடது கைக்காரன் அடிச்சது."

திரும்பிப் பாத்தா, சித்தப்பா வெளில போயி வண்டில உக்காந்து சாவியைத் திருகிட்டு இருந்தாரு. வாங்கின ஆணி அங்கேயே கிடந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் முக்கால் நேரா சமையல்கட்டுக்குப் போனாரு. அக்கா பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க.

"அக்கா, மாமா வீட்டுல யாராவது இடது கைக்காரங்க உண்டா?"

சித்தி குழாயை மூடினாங்க.

"எதுக்குக் கேக்கிறே?"

"சும்மாத்தான்."

"சும்மா கேக்கிற கேள்வியா இது?" சித்தி வாசல் பக்கம் எட்டிப் பாத்துட்டு, குரலை இறக்கினாங்க. "அவங்க அண்ணன். அவருக்கு எல்லாமே இடது கைதான். சாப்பிடறதைத் தவிர."

அந்த அண்ணனை முக்கால் ரெண்டு தடவைதான் பாத்திருக்காரு. கல்யாணம் பண்ணிக்காத மனுஷன். எங்கெங்கயோ கட்டட வேலைக்குப் போயி, கடைசில நெஞ்சுச் சளியோட திரும்பி வந்தவர். செத்துட்டார்னு தெரியும். எப்படிச் செத்தார்னு யாரும் சொன்னதில்ல.

சித்தி சொன்னாங்க. அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன்.

"ஏழு வருஷம் ஆச்சு. நல்ல மழை, காலைல பத்து மணி இருக்கும். ஒரு டிரங்குப் பெட்டியும் கம்பளியுமா வந்து கேட்டுக்கு வெளில நின்னாரு. உடம்பெல்லாம் தைல வாசனை. வீட்டுக்குள்ள இடம் கேக்கலைடா. 'நிலத்துல ஒரு ஓரமா நாலு கம்பம் நட்டு, நானே ஒரு கூரை போட்டுக்கறேன், சரின்னு மட்டும் சொல்லு'ன்னாரு. அதுல அவருக்கும்தான் பாதி. ஆனா அவங்கப்பா போனதும் உங்க மாமா எல்லாத்தையும் தன் பேருக்கு மாத்திக்கிட்டாரே... கேட்டைத் திறக்கவே இல்ல. உள்ளேயே நின்னுக்கிட்டு, 'என் நிலத்துல ஒரு குச்சி நடக் கூடாது, இடம் இல்ல, போ'ன்னுட்டாரு."

"நீ என்னக்கா பண்ணினே?"

"நானா? நான் அடுப்புல பால் வச்சிருந்தேன்." கழுவி வச்ச பாத்திரத்தை எடுத்து மறுபடி தேய்ச்சாங்க. "அது பொங்கிடும்னு உள்ள வந்துட்டேன்."

நாலு நாள் கழிச்சு, நிலத்துல கிணத்துப் பக்கத்துல அவர் உடம்பைக் கண்டெடுத்தாங்களாம். கம்பளியைச் சுத்திக்கிட்டு, சுருண்டு. அந்த நாலு நாளும் மழை விடவே இல்ல. "ஏன் அங்க போனார்னு எனக்குத் தெரியாது"ன்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு சித்தப்பா.

நீங்களா இருந்தா மறுநாள் போவீங்களா? முக்காலும் போக மாட்டேன்னுதான் சொன்னாரு. ஆனா சித்தப்பா விடலை. "செத்தவனுக்குப் பயந்து நிலத்தை விட்டுட்டு உக்காரணுமா? கூரையைப் போடு, கதவை மாட்டு, பூட்டைப் போடு. அப்புறம் எவன் வர்றான்னு பாக்கறேன்." அவர் குரல் அப்படி. வீட்டுல அந்தக் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது.

மூணாவது நாள். போனா, வலது பக்கச் சுவரும் நிக்குது. அதுவும் உள்ளேருந்து. முன் பக்கம் மட்டும்தான் திறந்து கிடக்கு. முக்கால் வண்டியை விட்டு இறங்கவே இல்லையாம். சித்தப்பா இறங்கினாரு. விறுவிறுன்னு போயி, ஷெட்டுக்கு முன்னாடி, இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னாரு. யாரும் இல்லாத வெட்ட வெளியைப் பாத்துக் கத்தினாரு.

"உயிரோட இருந்தப்பவே குடுக்கலை. இப்பவா குடுக்கப் போறேன்?"

ஒண்ணும் நடக்கலை. காத்து கூட அடிக்கலை. தொண்டையைச் செருமுற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டுச்சாம்... சளி கட்டின செருமல். சித்தப்பாதான்னு முக்கால் நினைச்சுக்கிட்டாரு. நினைச்சுக்கத்தானே வேணும்?

அப்புறம் முக்காலையும் இறங்க வச்சு, ரெண்டு பேருமா தகரத்தைத் தூக்கி மேல போட்டாங்க. முக்கால் ஏறி உக்காந்து, மேலேருந்து ஆணி அடிச்சு முடிச்சாரு. மிச்சம் முன் பக்கமும் கதவும்தான். கதவைக் கொண்டு வந்த வண்டிக்காரன் மண் ரோட்டுல திரும்ப முடியாதுன்னு, மெயின் ரோட்டு முனையிலேயே இறக்கி வச்சுட்டுப் போயிட்டான். "நான் போயி ஒரு தள்ளுவண்டி பிடிச்சு எடுத்துட்டு வரேன். நீங்களும் வாங்க மாமா"ன்னு முக்கால் கூப்பிட்டாரு. "நான் ஏன் வரணும்? என் நிலம் இது"ன்னு சித்தப்பா ஹோஸ் பைப்பைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, ஷெட்டுக்குள்ள வைக்கப் போனாரு.

முக்கால் கடைசியா பாத்தது அவர் முதுகைத்தான்.

கதவை ஏத்திக்கிட்டு, அந்த மண் ரோட்டுல தள்ளுவண்டியைத் தள்ளிட்டு வர்றாரு. மணி... ஆமா. பாதி தூரம் வரும்போது சத்தம் கேட்டுச்சாம். டக்... டக்... டக். சுத்தியல். சரி, மாமா ஏதோ அடிக்கிறார்னு வந்தாரு. கிட்ட வர வர, கால் தானா வேகம் குறைஞ்சுச்சாம். ஏன்னா மாமாவுக்கு ஆணி அடிக்கத் தெரியாது. ஒரு காலண்டர் மாட்டணும்னாலும் முக்காலுக்குத்தான் ஃபோன் வரும். இந்தச் சத்தம், வருஷக்கணக்கா சுத்தியல் பிடிச்ச கையோட சத்தம். மூணு அடி, ஒரு ஆணி. மூணு அடி, ஒரு ஆணி.

முன் பக்கம் மூடியிருந்துச்சு.

முழுசா. கதவுக்கு விட்ட இடம் இல்ல. ஒரு விரல் போற சந்து இல்ல. வெளில சித்தப்பாவோட செருப்பு ஜோடியா கிடக்கு. தைல வாசனை குப்புன்னு அடிக்குது. உள்ள... டக், டக், டக்.

"மாமா!"

சத்தம் நின்னுச்சு.

"மாமா, உள்ளயா இருக்கீங்க?"

காலடிச் சத்தம். மெதுவா பலகைகிட்ட வந்துச்சு. பலகைக்கு அந்தப் பக்கம், முக்காலோட முகத்துக்கு நேரா, மாமா குரல். அச்சு அசல் மாமா குரல்.

"யாரு?"

"நான்தான் மாமா."

"என்ன வேணும்?"

"விளையாடாதீங்க மாமா. வெளில வாங்க."

அப்புறம், ரொம்ப நிதானமா...

"இங்க இடம் இல்ல. போ."

முக்கால் பலகையை எட்டி உதைச்சாரு. உள் பக்கம் அடிச்ச பலகை, உதைச்சா உள்ள பிச்சுக்கிட்டுப் போகணும். அரை இன்ச் போச்சாம். போயிட்டு, திரும்பித் தள்ளிக்கிட்டு வந்துச்சாம். யாரோ முதுகைக் கொடுத்து நிக்கிற மாதிரி. மறுபடி உதைச்சாரு. மறுபடி தள்ளுச்சு. மூணாவது தடவை உதைக்கறதுக்கு முன்னாடியே தள்ளுச்சு.

அப்போதான் கூரை ஞாபகம் வந்துச்சு. கூரை மட்டும்தான் அவர் அடிச்சது. தள்ளுவண்டியை முட்டுக் கொடுத்து மேல ஏறி, கொதிக்கிற தகரத்துல முட்டி போட்டு, கடப்பாரையை விட்டு நெம்பினாரு. உள்ளங்கை ரெண்டும் வெந்து போச்சு, இன்னைக்கும் தழும்பு இருக்காம். என் ரூம்மேட் பாத்திருக்கா. ஒரு தகரத்தைப் பிய்ச்சு எறிஞ்சுட்டு, தலையை உள்ள விட்டுப் பாத்தாரு.

சித்தப்பா மட்டும்தான் இருந்தாரு.

ஷெட்டுக்கு நடுவுல நிக்கிறாரு. இடது கைல சுத்தியல். சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு, தண்ணி சொட்டுது. மேல பாத்தாரு. கண்ணுல தண்ணியா ஊத்துது. என்னமோ சொல்ல வர்றாரு, சொல்ல முடியலை.

ஏன்னா... வாய் நிறைய ஆணி.

தச்சருங்க நாலு ஆணியை உதட்டுல கவ்விக்கிட்டு வேலை செய்வாங்களே, அப்படி இல்ல. திணிச்சிருக்கு. கன்னம் ரெண்டும் புடைச்சுக்கிட்டு நிக்குது. உதட்டோரமா ரத்தம் வழியுது. வாயை மூடவும் முடியலை, திறக்கவும் முடியலை. அந்த வாயால ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கூட யாராலயும் பேசியிருக்க முடியாது.

அப்போ பலகைக்குப் பின்னாடி நின்னு பேசினது?

உள்ள கிடந்த ஹோஸ் பைப்போட ஒரு முனையை மேல வீசச் சொல்லி, மறு முனையை அவர் இடுப்புல சுத்திக்கச் சொல்லி, எப்படியோ இழுத்து வெளில போட்டாரு முக்கால். இழுக்கும்போது கனமா இருந்துச்சாம். "மாமா எவ்வளவு வெயிட்டுன்னு எனக்குத் தெரியும், அது மாமா வெயிட் மட்டும் இல்ல"ன்னு சொல்வாராம். ஆஸ்பத்திரில வாயிலேருந்து அறுபது ஆணிக்கு மேல எடுத்தாங்க. நாக்குல தையல். "ஏன் இப்படிப் பண்ணிக்கிட்டீங்க?"ன்னு டாக்டர் அவரைத்தான் திட்டினாராம்.

ரெண்டு மாசம் கழிச்சுப் பேச்சு வந்துச்சு. பழைய குரல் இல்ல, மெல்லிசா ஒரு குரல். அன்னைக்கு உள்ள என்ன நடந்துச்சுன்னு சித்தி கேட்டதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாராம். "உள்ள மழை பெஞ்சுச்சு." அதுக்கு மேல யாரும் கேக்கலை. நிலத்துக்கும் யாரும் போகலை. ஷெட்டைப் பிரிக்க ரெண்டு பேரைக் கேட்டுப் பாத்தாரு முக்கால். ஒருத்தன் பாதி ரோட்டுலயே திரும்பிட்டான். இன்னொருத்தன் போயிட்டு வந்து, "அங்க ஒரு பெரியவர் குடியிருக்காரே, அவரை என்ன பண்றது?"ன்னு கேட்டான்.

இரு, இன்னும் முடியலை.

போன லீவுக்கு என் ரூம்மேட் அவங்க வீட்டுக்குப் போயிருந்தா. அவர் ரொம்ப மாறிட்டாராம். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுறாராம். சித்தி கடைக்குப் போயிருந்தாங்க. மத்தியானம். அவ தண்ணி குடிக்கலாம்னு எழுந்து போனவ, அவர் ரூமை எட்டிப் பாத்தா. பெரிய கட்டில். சித்தப்பா அதோட விளிம்புல, ஒரு கையும் ஒரு காலும் தொங்க, ஒருக்களிச்சுப் படுத்திருக்காரு. கொஞ்சம் அசைஞ்சா கீழே விழுந்துடுவாரு. அந்தப் பக்கம் கட்டில்ல முக்கால்வாசி இடம் காலியாக் கிடக்கு.

"சித்தப்பா, தள்ளிப் படுங்க. விழுந்துடுவீங்க."

அவர் கண்ணைத் திறக்கலை. மெல்லிசா, கெஞ்சற மாதிரி சொன்னாராம்.

"எங்கம்மா தள்றது?"

அவ அந்தப் பக்கம் பாத்தா. இன்னொரு தலையணை. அது நடுவுல ஒரு குழி. தலை வச்சுப் படுத்தா விழுமே, அந்த மாதிரி, ஆழமா.

அவ பாத்துக்கிட்டு இருக்கும்போதே... அந்தக் குழி மெதுவா மேல எழும்பிச்சாம்.